ஒரே கதை, இரண்டு வண்ணம்: வாசகர் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களுள் மூன்று, 'பேட்மேன்: தி கில்லிங் ஜோக்' என்னும் ஒரே சித்திரக்கதை நூலைப் பற்றியவை. ஊரில் யாரோ ஒருவர் வாங்கப்போய்ப் பேச்சு பரவியிருக்க வேண்டும். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்மூன்றுக்கும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, 1980களின் இறுதியில் ஈப்போவில் வாங்கிய இந்தக் கதையின் மெல்லிய பிரதி ஒன்றை இன்றளவும் வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகன் அண்மையில் அதன் கெட்டி அட்டைச் சிறப்புப் பதிப்பை அனுப்பினான். கோடுகளும் வசனமும் அப்படியே இருக்க, மஞ்சளும் ஊதாவுமாக இருந்த பக்கங்கள் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. இது அச்சுப் பிழையா? இரண்டில் எதை வைத்துக்கொண்டு எதைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாம்? – ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: பிழை அன்று, ஐயா, தெரிந்தே செய்த மாற்றம். ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைந்த இக்கதையை டிசி நிறுவனம் 1988-இல் வெளியிட்டபோது அதற்கு வண்ணமிட்டவர் ஜான் ஹிக்கின்ஸ். 'வாட்ச்மென்' தொடருக்கு வண்ணமிட்டவரும் அவரே. ஆனால் அந்த வண்ணங்கள் போலண்டுக்கு நிறைவளிக்கவில்லை. அவர் மனத்தில் இருந்த நிறம் வேறு. இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல் சிறப்புப் பதிப்பு வந்தபோது, நூல் முழுவதற்கும் அவரே கணினியில் புதிதாக வண்ணமிட்டார். ஓவியர் டிம் சேலின் முன்னுரையும் போலண்டின் பின்னுரையும் அப்பதிப்பில் உண்டு. 1996-இல் கறுப்பு வெள்ளையில் வந்த போலண்டின் குறுங்கதை ஒன்றும் வண்ணம் பெற்று அதில் இடம்பெற்றது.

உங்கள் கடிதம் கண்டதும் என்னிடம் உள்ள இரு பிரதிகளையும் குழல் விளக்கின் கீழ் அருகருகே விரித்துப் பார்த்தேன். பேட்மேனின் மார்பைப் பாருங்கள். பழையதில் வௌவால் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் நீள்வட்டம் இருக்கும்; புதியதில் அந்த மஞ்சளே இல்லை. அதைவிடப் பெரிய மாற்றம் பேட்மேனின் எதிரி ஜோக்கரின் கடந்த காலத்தைக் காட்டும் பக்கங்களில் நேர்ந்திருக்கிறது. வேதியியல் ஆலை வேலையை விட்டுவிட்டு மேடையில் சிரிப்பு மூட்ட வந்து தோற்றவன், கருவுற்ற மனைவிக்குச் சோறு போட வழியின்றித் திருடர்களோடு சேர்ந்து, செம்முகமூடி அணிந்து, கடைசியில் வேதிக் கழிவில் வீழ்ந்து எழும் அந்தப் பகுதியைப் போலண்ட் ஏறக்குறையக் கறுப்பு வெள்ளையாகவே ஆக்கிவிட்டார். ஆங்காங்கே ஒரு பொருளில் மட்டும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். காட்சிக்குக் காட்சி அது ஏறிக்கொண்டே போய், முகமூடியில் முழுச் சிவப்பாக வந்து நிற்கும். கைதேர்ந்த ஓவியரின் யோசனை என்பதில் ஐயமில்லை.

இருந்தும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தன் கடந்த காலம் ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் நினைவுக்கு வருவதாக ஜோக்கரே கதையில் சொல்கிறான். நாம் கண்டது உண்மையில் நடந்ததா என்று அவனுக்கே தெரியாது. சாம்பல் நிறமோ அந்த நினைவுக்குப் பழைய புகைப்படத்தின் நம்பகத்தைக் கொடுத்துவிடுகிறது. எழுதியவர் விட்டுவைத்த ஐயத்தை வண்ணம் தீர்த்துவைப்பதுபோல் ஆகிவிடுகிறது.

கதையில் வரும் கேளிக்கைப் பூங்காவைப் பொறுத்தவரை நான் முழுக்க ஹிக்கின்ஸ் பக்கம். காவல்துறை ஆணையர் கோர்டனை ஜோக்கர் கடத்தி வந்து பேய் ரயிலில் ஏற்றும் பக்கங்களில் அவர் கொட்டிய ஆரஞ்சும் ஊதாவும் கண்ணை உறுத்துகின்றன என்பார்கள். உறுத்தத்தான் வேண்டும். தீமிதித் திருவிழாவின்போது தோட்டத் திடலில் ஜெனரேட்டர் வைத்துப் போடும் ராட்டினக் கூடாரத்துக்குள் இரவில் நின்றவர்களுக்கு அது புரியும். மஞ்சள் பல்பும் பச்சைப் பல்பும் மாறி மாறி அடிக்க, பக்கத்தில் நிற்கும் சொந்த அண்ணன் முகமே வேற்று முகமாகத் தெரியும். ஒன்பது வயதில் அந்த வெளிச்சத்தைக் கண்டு நான் அழுதிருக்கிறேன். புதிய பதிப்பின் பூங்கா அழகாக இருக்கிறது, அச்சம் தரவில்லை. 1989-இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருது பெற்றதும் ஹிக்கின்ஸின் வண்ணத்தோடு வந்த நூல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே எதையும் கொடுக்காதீர்கள். ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் பழையதை வையுங்கள். கடைகளில் இப்போது புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் போலண்டின் வண்ணம்தான். பழைய பிரதியின் அட்டையில் தலைப்பு எழுத்து என்ன நிறம் என்றும் பாருங்கள். பச்சை என்றால் அது முதல் அச்சு. அடுத்தடுத்த அச்சுகளில் அந்நிறத்தை மாற்றினார்கள். பள்ளி நூலகத்துக்கு ஏன் எந்தப் பிரதியும் ஆகாது என்பதை அடுத்த பதிலில் காண்க.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது நிறைகிறது. பேட்மேன் என்றால் உயிர். ஐம்பது பக்கம்கூட இல்லாத கதைதானே என்று இந்தச் சிறப்புப் பதிப்பைப் பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், அம்மா. கோர்டனின் மகள் பார்பராவை ஜோக்கர் வீட்டு வாசலிலேயே சுட்டு முடமாக்கி, ஆடை களைந்து படமெடுத்து, அப்படங்களைத் தகப்பனுக்கே காட்டும் கதை இது. ஒரே ஒரு கெட்ட நாள் போதும், எந்த மனிதனையும் பித்தனாக்கிவிடலாம் என்று நிறுவுவதற்காக அவன் இதைச் செய்கிறான். பெரியவர்களுக்கே இது எளிதில் செரிக்காது. எழுதிய மூரே பிற்காலத்தில் இதைத் தம் நல்ல படைப்புகளுள் ஒன்றாகக் கருதவில்லை. மகன் வளர்ந்தபின் படிக்கும்போது இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள்: பார்பராவை அப்படியே கைவிட மனமில்லாத எழுத்தாளர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கணினிவழி மற்ற நாயகர்களுக்குத் தகவல் தரும் 'ஆரக்கிள்' என அவளை 1989-இல் மீட்டெடுத்தார்கள். இப்போதைக்குப் பேட்மேனின் சிறுவர் கதைகள் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: சிறப்புப் பதிப்பைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருந்தால் சில ஆண்டுகளில் விலை இரு மடங்காகும் என்று கடைக்காரர் சொன்னார். நம்பலாமா? – செம்பனை ஆலைத் தொழிலாளர், சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. கேட்பவர் இருக்கும்வரை பதிப்பகம் இதை அச்சிட்டுக்கொண்டே இருக்கும். கடையில் புதிது கிடைக்கும்போது உங்களுடையதற்கு யார் கூடுதல் வெள்ளி கொடுப்பார்? 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் 75ஆம் இதழ் வந்தபோதும் இதே பேச்சுத்தான். இரத்தம் வடியும் சின்னம் பொறித்த கறுப்புப் பைக்குள், துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டையோடு அது விற்பனைக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் வாங்கிப் பிரிக்காமல் பெட்டியில் பூட்டினார்கள். எல்லாரிடமும் பிரிக்காத பிரதி இருந்ததால் எவருக்கும் பெரிய விலை கிடைக்கவில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உறையைப் பிரித்துவிடுவதே நூலுக்கும் நல்லது. இறுக்கமான பிளாஸ்டிக் நாளடைவில் அட்டையை வளைத்துவிடும். என் பழைய பிரதியைத் தகரக் கூரை வீட்டில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன். ஒரே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி படர்ந்தது, முதுகுப் பசையை ராமபாணப் பூச்சி அரித்தது. அந்துருண்டை பூச்சியைத் தடுக்குமே அன்றி ஈரத்தைத் தடுக்காது. உட்சுவர்ப் பக்கம் நிமிர்த்தி அடுக்கி, காலணிப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் பக்கத்தில் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்துப் படியுங்கள்.