அந்த "எல்லோரில்" அப்பா இல்லையா?

கேள்வி: வயது 29. ஐ.டி. வேலையில் பிடிப்பில்லை. சிறுவயதிலிருந்து பரதம் கற்றவள். கலையை எல்லோரிடமும் கொண்டுசேர்ப்பதே என் வாழ்க்கை என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு அறக்கட்டளை தொடங்கலாமா? புகுந்த வீட்டில் சம்மதமில்லை. அப்பா என்னோடுதான் இருக்கிறார். சர்க்கரையால் பார்வை போய்விட்டது. போன மார்கழியில் ஒரு நாட்டியத்துக்கு அழைத்துப்போனேன். "இப்ப என்னம்மா பண்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். இப்போதெல்லாம் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன். — ஒரு வாசகி, சென்னை

பதில்: பிடிக்காத வேலை, முகம் சுளிக்கும் புகுந்த வீடு எல்லாம் வாரம் தவறாமல் இந்தப் பக்கத்துக்கு வருபவை. ஓரமாக வையுங்கள். வாய்விட்டுக் கேட்ட அப்பாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, "எல்லோருக்கும் கலை" என்று எனக்கு எழுதுகிறீர்களே, நியாயமா? பெற்றவரைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரின் முறைப்பு பெரிதாகிவிட்டதா?

அவர் கேட்ட கேள்விக்குள்தான் நீங்கள் தேடும் தொழில் இருக்கிறது. மேடையில் நடப்பதைப் பார்வையற்றவர் காதில் சொல்லும் ஒலி வருணனை அது. பண்பாட்டு வாழ்க்கையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. பரதம் தெரிந்து, அதைத் தமிழில் சொல்லவும் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

பரதக் கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணம் ஒன்றின் வீடியோவை எடுத்துக்கொண்டு அப்பாவிடமே பழகுங்கள். பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார் இல்லையா? முதல் தடவை பேசாதீர்கள், சாகித்தியம், அதாவது பாட்டின் வரிகள், காதில் விழட்டும். இரண்டாவது தடவையிலிருந்து சொல்லுங்கள். தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதி வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். சொற்கட்டும் சலங்கையும் போதும். "விரகத்தில் வாடுகிறாள்" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். "தோழி நீட்டிய பூவை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்" என்றால் மிச்சத்தை அவரே உணர்ந்துகொள்வார். கை முத்திரைகளின் பெயர்களை அடுக்குவது, நாட்டியம் கற்றவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. அபிநயத்துக்கான பாட்டான பதம் தெலுங்கில் இருந்தால் அதன் பொருளைத் திரை விலகும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் நகைகளையும் சலங்கையையும் தொட்டுப் பார்க்க வையுங்கள்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரையும் கூப்பிட்டு உங்கள் வருணனையைக் கேட்கச் சொல்லுங்கள், கூலி கொடுத்து. அப்பாவுக்கு மாம்பழ மஞ்சள் நினைவிருக்கும், நிறமே பார்த்திராதவருக்கு அந்த வார்த்தையால் பயனில்லை.

சபாவில் காதோடு கிசுகிசுத்தால் மறுபடி முறைப்பார்கள்தான். சுற்றுலா வழிகாட்டிகள் வைத்திருக்கும் ரேடியோ மைக் ஒன்றும் ரிசீவர் பத்தும் வாடகைக்கு எடுங்கள். ப்ளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாகும். இயர்போன் ஒரு காதுக்கு மட்டும்; மறுகாது அரங்கத்துக்கு. நீங்கள் மேடை தெரியும் லைட் ரூமுக்குள் இருந்து பேசுங்கள். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு ஒருவர் குரல் தாங்காது, மாற்று ஆள் வேண்டும். மார்கழிக்கென்றால் சபா செயலாளரை ஆடியிலேயே போய்ப் பாருங்கள். சட்டப்பிரிவை நீட்டாமல், பத்து நாற்காலியும் ஒரு பிளக் பாயிண்டும் கேளுங்கள்.

வேலையை விடக் கூடாது. இன்சுலினும் கண் மருத்துவமும் மாதச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. அப்பாவின் மருந்தை அடகு வைத்து ஊருக்குச் சேவை செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வேலைக்கு இப்போதைக்குச் சனி, ஞாயிறு போதும். அறக்கட்டளைப் பதிவு பற்றி, பத்து நிகழ்ச்சி முடித்த பிறகு எழுதுங்கள்.