யோகா பழக வருகிறவர்கள் கேட்டவை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பல வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இந்த மாதம் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

செந்தூல் அம்மா, வயது 58: சம்மணம் போட்டாலே முட்டி வலிக்கிறது. எனக்கு யோகா ஒத்துவருமா?

கண்டிப்பாக வரும்மா. முதலில் சுவரோரம் உட்கார்ந்து பாருங்கள். முட்டி இடுப்பைவிட மேலே தூக்கி நிற்கிறதா? போர்வையை மடித்துப் பிட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஒரு மடிப்பு போதாவிட்டால் இரண்டு, மூன்று என்று முட்டி இடுப்புக்குக் கீழே இறங்கும்வரை உயர்த்துங்கள். கையால் முட்டியை அழுத்தவே கூடாது. சம்மணத்துக்குக் கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். அங்கே இறுக்கமாக இருந்தால் அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் போய் விழும். அதுதான் உங்களுக்கு வலிக்கிறது. போர்வை வைத்தும் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யுங்கள், அதுவும் யோகாதான். முட்டி வீங்கியிருந்தால் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்துமலைத் தம்பி: யூடியூப் பார்த்துச் செய்கிறேன். போதாதா?

வீடியோவில் நீங்கள் ஆசிரியரைப் பார்க்கலாம் தம்பி, ஆனால் அவர் உங்களைப் பார்க்க முடியாதே. முதல் இரண்டு மாதமாவது நேரில் பழகுங்கள். இந்தியத் தூதரகம் பிரிக்பீல்ட்ஸில் நடத்தும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கலாசார மையத்தில் யோகா உண்டு. உங்கள் பத்துமலையிலேயே சிவானந்த ஆசிரமம் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள். அந்த ஆசிரமத்தின் பெயருக்குரிய யோகா குரு சுவாமி சிவானந்தர் துறவியாகும் முன் நம் மலாயாவில்தான் பத்து வருடம்போல டாக்டராக இருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எங்கே சேர்ந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளே உங்கள் நோய்நொடி, பழைய அடி, ஆபரேஷன் பற்றிக் கேட்காத ஆசிரியர் வேண்டாம்.

பினாங்கு அக்கா: நம்பிப் படிக்க எது நல்லது?

யோகா, ஆயுர்வேதம், சித்தம் போன்றவற்றைக் கவனிக்கும் இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு, ஜூன் 21 யோகா தினத்துக்காக ஒரு பொதுப் பயிற்சிமுறை வைத்திருக்கிறது. ஏறக்குறைய 45 நிமிடம், இணையத்தில் இலவசம். புதியவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் எழுதி 1966இல் வந்த 'லைட் ஆன் யோகா' படங்களுக்காகவே வாங்கலாம், ஆனால் புத்தகத்தின் பின்பகுதியில் வரும் கடினமான ஆசனங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஆசனம் ஓரளவு பிடிபட்ட பிறகு திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைத் திறங்கள். இயமம், நியமம் தொடங்கிச் சமாதிவரை யோகத்தின் எட்டு அங்கமும் நம் தமிழிலேயே இருக்கிறது.

கிள்ளான் ஐயா: ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுக்கிறேன். சிரசாசனம், கபாலபாதி செய்யலாமா?

தலைகீழாக நிற்கும் சிரசாசனம், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, இரண்டும் வேண்டாம் ஐயா. மூச்சை அடக்கிப் பிடிப்பதும் வேண்டாம். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பசியாறிவிட்டு வகுப்புக்கு வரலாமா?

நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மாதிரி கனமாகச் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும். வெறும் வயிறு தாங்காதென்றால் அரை மணி நேரம் முன்னால் ஒரு சின்ன வாழைப்பழம் போதும். மிச்சத்தை வகுப்பு முடிந்து சாப்பிடலாம்.