இடுப்பில் பேசும் வண்டி – கடிதம்

வணக்கம் ஐயா,

போன மாதம் பழைய கார் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போது, "நான் இன்றைக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் வசதி) போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று பாதையில் காட்டும் பிரேக் கோட்டையும் அணைப்பதில்லை" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது. நான் கூலிமில் வேலை செய்கிறேன். இரண்டு வருடம் காசு சேர்த்து ஸ்டியரிங்கும் மிதிகளும் வாங்கினேன். எல்லா உதவியையும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். உதவி போட்டு ஓட்டுவது, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது மாதிரி என்பது என் எண்ணம்.

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். 11 வயது. ஃபார்முலா 1 பந்தய விளையாட்டான எஃப்1 2017-ஐப் போட்டு, நம் மலேசியப் பாதையாயிற்றே என்று செபாங்கைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். உதவி எதுவும் இல்லை. நாலைந்து தடவை சுற்றிக்கொண்டு நின்றான். அப்புறம் கண்ட்ரோலரை வைத்துவிட்டு யூடியூப் பார்க்கப் போய்விட்டான். "சின்னப் பையனுக்கு லேசா வச்சுக் குடுத்தா என்ன?" என்று அக்கா கேட்கிறார். லேசாக வைத்தால் அது பொம்மைக் கார் ஆகிவிடாதா? ஒரு பந்தய விளையாட்டு நிஜமாகவும் இருந்து, யாரும் ஆடக்கூடியதாகவும் இருக்க முடியுமா?

பெயர் போட வேண்டாம்.

கூலிம் வாசகர்

*

தம்பிக்கு வணக்கம்.

பார்த்து எழுதுகிறவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்ததில் வருத்தமில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா இங்கே சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டினார். முதலில் ரப்பர் பால் ஏற்றினார். மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதும் குலை ஏற்றினார். செம்மண் பாதை, ஏற்ற இறக்கம், சாயங்காலமானால் மழை. பாரத்தோடு இறங்கும்போது கியரைக் குறைத்து, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும் என்பார். மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும்போது எங்கிருந்தாவது பிரேக் கருகும் வாடை வந்தால், முன்னால் போகும் லோரியைக் காட்டி, "இவன் இன்னும் கத்துக்கல" என்பார்.

1998-ல் ஈப்போவில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கி வந்தேன். கூடவே கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய விளையாட்டு. அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் ஜப்பானில் வந்திருந்தது. அதில் நேராகப் பந்தயத்துக்குப் போய்விட முடியாது, முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஆரம்பப் பரீட்சை மிகச் சாதாரணமானது. வண்டியைக் கிளப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி, கோடு போட்ட கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அப்பாவை உட்கார வைத்தேன். லோரியைக் கொட்டகைச் சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் பின்னால் எடுத்து நிறுத்துகிற மனிதர், அந்தக் கட்டத்துக்குள் நிறுத்த முடியாமல் ஏழெட்டுத் தடவை தோற்றார். அம்மா சிரித்துவிட்டார். அப்பாவுக்குக் கோபம். கண்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டி இடுப்புலதான்டா பேசும். இதுல இடுப்புக்கு ஒண்ணுமே வரலையே."

சிமுலேட்டர்களைப் பற்றி அப்புறம் எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த ஒரு வரியைத் தாண்டி இன்னும் போகவில்லை.

நிஜ வண்டியில் பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் போகிறது. எஃப்1 காரில் கடுமையாகப் பிடிக்கும்போது ஓட்டுநரின் எடையைப் போல ஐந்து மடங்கு விசை அவரை இருக்கை வாரில் அழுத்துகிறது. பின்சக்கரம் விலகப் போகிறது என்பதைக் கண் பார்ப்பதற்குள் இடுப்பு உணர்ந்துவிடும். கை தானாகத் திருத்தும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது எதுவும் கிடைப்பதில்லை. வண்டி திரும்பிவிட்டது என்று படத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதற்குள் காரியம் முடிந்துவிடும். உங்கள் ஸ்டியரிங்கில் மோட்டார் இருக்கிறது, அது முன்சக்கரம் சொல்வதைக் கொஞ்சம் கைக்குக் கடத்துகிறது. இடுப்புக்கு அதுவும் இல்லை.

அப்படியென்றால், செய்திகளை எல்லாம் பறித்துக்கொண்டு தண்டனையை மட்டும் முழுசாக வைத்திருக்கும் விளையாட்டு நிஜத்துக்கு எந்த வகையில் அருகில் இருக்கிறது? கஷ்டமாக இருப்பதெல்லாம் நிஜம் என்ற நினைப்பு ஸ்டியரிங் வாங்கிய எல்லோருக்கும் கொஞ்ச நாள் இருக்கும். எனக்கும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் அக்கா மகனுக்கு உதவி எதுவும் இல்லாமல் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கவில்லை. சாதாரணக் காரின் ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கிட்டத்தட்ட மூன்று சுற்று சுற்றும். கண்ட்ரோலரில் அதே வேலையைக் கட்டைவிரலின் சின்ன அசைவு செய்ய வேண்டும். விரல் அசைந்ததை அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தால் 250 கிலோமீட்டர் வேகத்தில் யாராலும் நேராகக்கூடப் போக முடியாது. அதனால் வேகம் கூடக் கூட, விளையாட்டே விரலின் அசைவைக் குறைத்து, மெதுவாக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மெனுவில் எல்லாவற்றையும் அணைத்தாலும் இது பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நிஜத்திலேயே உதவி உண்டு என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 1993-ல் வில்லியம்ஸ் அணியின் எஃப்1 காரில், காரின் உயரத்தைக் கணினியே சரிசெய்யும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் இருந்தது, சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தது, ஏபிஎஸ்ஸும் இருந்தது. அடுத்த வருடம் தடை. 2001-ல் டிராக்ஷன் கண்ட்ரோலைத் திரும்ப அனுமதித்தார்கள், 2008-ல் மறுபடி தடை செய்தார்கள். சாலைக் கார்களிலிருந்து உருவாக்கும் இன்றைய ஜிடி3 பந்தயக் கார்களில் ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல் இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. நீங்கள் ஜிடி3 கார் எடுத்து இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டினால், அந்தப் பந்தயத்தில் நிஜ ஓட்டுநர் எவரும் ஓட்டாத காரை ஓட்டுகிறீர்கள். எஃப்1 2017-ல் அணைப்பது சரி, நிஜக் காரில் அவை இல்லை.

விளையாட்டு செய்தவர்கள் இந்தக் கேள்வியோடு நாற்பது வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். நாம்கோவின் போல் பொசிஷன் 1982-ல் வந்தது. ஜப்பானின் ஃபூஜி பாதையைத்தான் ஓட்டச் சொன்னது, ஆனால் கியர் இரண்டே இரண்டு. 1991-ல் ஜெஃப் கிராமண்ட் செய்த எஃப்1 விளையாட்டுதான் எனக்குத் தெரிந்து முதலில் இதைச் சரியாக யோசித்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் ஆறு விசைகளுக்கு ஆறு உதவிகள்: தானாக பிரேக், தானாக கியர், சுற்றி நின்றால் தானாக நேராவது, உடையாத கார், பாதையில் கோடு, எந்த கியர் என்ற யோசனை. தரம் உயர உயர ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்வார்கள். கீழே ஓடும் காரும் பாதையும் எல்லோருக்கும் ஒன்றுதான். இன்று வருகிற எந்தப் பந்தய விளையாட்டின் மெனுவைத் திறந்தாலும் அந்த ஆறு விசைகளின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்.

எதிர்த்திசையில் போனது 1998-ல் வந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ். 1967-ன் எஃப்1 கார்கள், தரையோடு அழுத்தும் இறக்கைகள் வருவதற்கு முந்தைய வருடம். பெரிய சக்தி, ஒல்லி டயர். நான் முதல்முறை எண்ணெய் மிதியை அழுத்தியதும் (எங்கள் பக்கம் பெட்ரோலுக்கும் எண்ணெய் என்றுதான் பெயர்) புறப்பட்ட இடத்திலேயே சுற்றி நின்றேன். அபாரமான வேலை அது, இன்றும் மரியாதை உண்டு. ஆனால் நண்பர்கள் ஒருவரையும் என்னால் அதற்குள் இழுத்து வர முடியவில்லை. கிரான் டூரிஸ்மோ மட்டும் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், வீடு வீடாகக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. காரணம் உதவிகள் என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் கையில் 10,000 கிரெடிட் கொடுப்பார்கள், அதற்கு ஒரு பழைய சின்னக் கார்தான் கிடைக்கும். நம்மூர்க் கஞ்சில் மாதிரி ஒன்று. அது வழுக்குவதே மெதுவாகத்தான் வழுக்கும். நாம் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுகள் பக்கம் வேறொரு தந்திரம் வைத்திருந்தார்கள். நீங்கள் பின்தங்கினால் முன்னால் போகிற கார்கள் மெதுவாகும், நீங்கள் முந்திவிட்டால் அவை திடீரென்று பறந்து வரும். ரப்பர் பேண்ட் என்று பெயர். ரப்பர் ஊர்க்காரனாக இதை நான் ஆதரிக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. ஓட்டுவதை எளிதாக்கலாம், முடிவைப் பொய்யாக்கக் கூடாது.

சரி, எந்த உதவியை வைத்துக்கொள்ளலாம்? எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. இடுப்பு சொல்லியிருக்க வேண்டியதை வேறு வழியில் சொல்கிறதா, அல்லது நான் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறதா? 2005-ல் ஃபோர்ஸா என்ற விளையாட்டு கொண்டு வந்த நிறம் மாறும் கோடு முதல் வகை. நீங்கள் வரும் வேகம் அந்த வளைவுக்கு அதிகம் என்றால் சிவப்பாகும், மிதிக்க வேண்டியது நீங்கள்தான். தானாக பிரேக் பிடிப்பது இரண்டாம் வகை. எனக்குப் பிடிக்காது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் ஆயிரம் சுற்று ஓட்டினாலும் பிரேக்கைப் பற்றி ஒன்றும் கற்றிருக்க மாட்டான். தானாக கியர் மாறுவதும் இரண்டாம் வகைதான், ஆனால் அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இப்போது ஆட்டோ காருக்கென்றே தனி லைசென்ஸ் கொடுக்கிறார்கள், என் மகள் அதைத்தான் எடுத்தாள், நன்றாகத்தான் ஓட்டுகிறாள். அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார்.

நேரத்தைப் பின்னால் இழுத்து, மோதுவதற்கு முன்னால் போய் நிற்கும் வசதி 2008-ல் கிரிட் விளையாட்டில் வந்து பிரபலமானது. அதில் என் நிலை தடுமாற்றம்தான். பந்தயத்தில் அது அழுகுணி ஆட்டம். ஆனால் ஒரே வளைவைப் பத்து முறை உடனுக்குடன் எடுத்துப் பார்க்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நான் ராத்திரி தனியாக இருக்கும்போது பயன்படுத்துகிறேன்.

2023-ல் வந்த ஃபோர்ஸாவில் பார்வையில்லாதவர்கள் ஓட்டுவதற்கென்று ஒலி உதவிகள் வைத்தார்கள். பிரேண்டன் கோல் என்ற பார்வையற்ற அமெரிக்க ஆட்டக்காரர் அந்த வேலையில் ஆலோசகராக இருந்தார். பாதையின் ஓரம் நெருங்கினால் ஒரு ஒலி, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் ஒரு ஒலி, திருப்ப வேண்டிய பக்கத்துக்கு ஒன்று. உதவி என்றால் காரைப் பொம்மையாக்குவது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரின் குணத்தை மாற்றவில்லை. செய்தி காதுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அதைப் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. கோபித்துக்கொண்டு போனவர் மறுநாள் ராத்திரி தானாகவே வந்து உட்கார்ந்தார். "சத்தத்தக் கூட்டுடா" என்றார். டயர் கீச்சிடுவதைக் கேட்டுக் கேட்டு பிரேக்கை விட்டுப் பிடித்தார். அந்தக் கட்டத்துக்குள் நிறுத்திவிட்டார். விளையாட்டுகளில் டயர் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு பலமாகக் கத்துவது நிஜமில்லை. இடுப்புக்குப் பதில் காதுக்குச் சொல்வதற்காகத்தான் அப்படி மிகைப்படுத்துகிறார்கள். 'நிஜம்' வேண்டும் என்று அதைக் குறைத்திருந்தால் அப்பா அன்றைக்கும் தோற்றிருப்பார்.

இனி அக்கா மகன். முதலில் காரை மாற்றுங்கள். 11 வயதுப் பையனுக்கு முதல் வண்டியாக எஃப்1 காரைக் கொடுத்தது உங்கள் தவறு, அவனுடையதல்ல. சக்தி குறைந்த சின்னக் கார்கள் இருக்கும் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுங்கள். ஏபிஎஸ் இருக்கட்டும். கோட்டை வளைவுகளில் மட்டும் காட்டும்படி வையுங்கள். தானாக பிரேக் வேண்டாம். சத்தத்தைக் கூட்டுங்கள், அக்கா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: டயரின் பிடிமானம் ஒரே சம்பளம் மாதிரி. முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் நேராக இருக்கும்போதே பெரும்பகுதி பிரேக்கைப் பிடித்துவிட்டு, காலை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். எந்த உதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

அவன் எந்த வளைவில் சுற்றி நின்றான் என்று நீங்கள் எழுதவில்லை. நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து, வலப்பக்கம் திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டே போய், சட்டென்று இடப்பக்கம் மடங்கும் செபாங்கின் அந்த முதல் வளைவாக இருந்தால் அவனிடம் சொல்லுங்கள், கோட்டையும் ஏபிஎஸ்ஸையும் வைத்துக்கொண்டு ஒரு கிழவன் சுங்கை சிப்புட்டில் போன வாரம்கூட அங்கேதான் சுற்றிக்கொண்டு நின்றான் என்று.

அன்புடன்.