ஜாருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடுவார்கள். போன முறை ஆஸ்டர்லிட்ஸ், 1805இல் ரஷ்யாவையும் ஆஸ்திரியாவையும் நெப்போலியன் தோற்கடித்த போர். ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை என்னிடம் கொடுத்தார்கள். களத்தின் நடுவிலிருந்த பிராட்சன் மேட்டை விட்டு இறங்கியதால்தான் அந்தப் பக்கம் தோற்றது என்று படித்திருந்தேன். அதனால் நான் இறங்கவே இல்லை. பீரங்கிகளை மேட்டில் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிரெஞ்சுக்காரராக ஆடியவர் ஏறிப் பார்த்து ஓய்ந்துபோனார். ஆட்டம் சப்பென்று முடிந்தது. "நீ ஆடியது ஆஸ்டர்லிட்ஸே இல்லை" என்கிறார் நண்பர். நடந்ததையே நானும் செய்வதென்றால் பிறகு எதற்கு ஆட்டம்? அப்புறம், ரஷ்யர்கள் உறைந்த குளத்தில் மூழ்கியதற்கு விதி வேண்டுமா வேண்டாமா என்று அங்கே ஓயாத சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் எரிச்சல் புரிகிறது. ஆனால் கோளாறு உங்களிடம் இல்லை, மேசையை அமைத்த விதத்தில் இருக்கிறது.

மோதாமல் காத்திருப்பதே நல்லது என்று 1805இலேயே ரஷ்யத் தளபதி ஒருவர் நினைத்தார். குதுசோவ். பின்வாங்கிக்கொண்டே போனால் தமக்குக் கூடுதல் படை வந்து சேரும், பிரஷ்யாவும் போரில் இறங்கக்கூடும், பாரிஸிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட நெப்போலியன்தான் திண்டாடுவார் என்பது அவர் கணக்கு. தலைமைத் தளபதி என்று பேர் அவருக்கு. ஆனால் முகாமில் ரஷ்யப் பேரரசர், 27 வயது ஜார் அலெக்சாண்டர் இருந்தார். நெப்போலியன் வேண்டுமென்றே பிராட்சன் மேட்டைக் காலி செய்து, சமாதானம் பேச ஆளனுப்பிப் பயந்தவர்போல நடித்தார். அவரை நேரில் பார்த்துவிட்டு வந்த ஜாரின் துணை அதிகாரி இளவரசர் டோல்கோருக்கியும் பிரெஞ்சுக்காரர்கள் நடுங்குகிறார்கள் என்றே சொன்னார். ஜார் போருக்குத் துடித்தார்.

டிசம்பர் 2, நள்ளிரவு தாண்டியபின் ஆஸ்திரிய அதிகாரி வைரோதர் தாக்குதல் திட்டத்தை ஜெர்மனில் நீட்டி முழக்கி வாசித்தார். குதுசோவ் தூங்கிக்கொண்டிருந்தார் என்று அங்கிருந்த ரஷ்யப் படைத் தளபதி லாஞ்ஜரோன் எழுதிவைத்திருக்கிறார். பிறகு அதை ரஷ்ய மொழியில் பெயர்த்துப் பிரதி எடுத்துத் தளபதிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. விடிந்தால் போர்!

ஆக, நீங்கள் உங்களை அறியாமல் குதுசோவாகத்தான் ஆடியிருக்கிறீர்கள். அவர் தலைக்கு மேல் ஒருவர் இருந்தாரே, அவர் உங்கள் மேசையில் இல்லை. அடுத்த முறை அந்தப் பக்கத்துக்கு இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஒருவர் ஜார்: கோல்ட்பாக் ஓடையைக் கடந்து, பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கக்கூடிய வியன்னா சாலையை மறித்தால் மட்டுமே அவருக்குப் புள்ளி. இன்னொருவர் குதுசோவ்: மாலையில் எத்தனை பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு) உருப்படியாக மிஞ்சுகிறதோ அதுதான் அவர் புள்ளி. பேசக் கூடாது, சீட்டு எழுதி அனுப்பலாம். முடிவு ஜாருடையது. மேட்டை விட்டு இறங்குங்கள் என்று விதி போட்டுக் கட்டாயப்படுத்தவே வேண்டாம், ஜாரே இறக்கிவிடுவார்.

முன்கூட்டியே முடிவு தெரிந்திருக்கும் தொல்லைக்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. பிரஷ்ய லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட க்ரீக்ஷ்பீல் என்ற போர் ஆட்டத்தில் நடுவர் இருப்பார். ஒவ்வொரு தரப்புக்கும் அவர்கள் கண்ணில் படக்கூடியதை மட்டும் சொல்வார். நடுவர் வேலைக்கு உங்கள் நண்பரையே போடலாம், கோபம் தணியும். அன்று காலை பிரெஞ்சு மார்ஷல் சூல்ட்டின் இரண்டு டிவிஷன்கள் (ஆயிரக்கணக்கானோர் கொண்ட பெரும் பிரிவுகள்) மூடுபனியில் மறைந்து நின்றன. அவற்றை மேசையில் வைக்கவே கூடாது; எங்கே நிற்கின்றன என்பது நடுவரின் தாளில் இருக்கட்டும். ஆஸ்திரியத் தளபதி லீக்டன்ஸ்டைனின் குதிரைப்படை இரவில் தப்பான இடத்தில் முகாம் போட்டுவிட்டு, காலையில் லாஞ்ஜரோனின் ஆட்களுக்குக் குறுக்கே புகுந்து அவரை ஒரு மணி நேரம் போலத் தாமதப்படுத்தியது. ஏதாவது ஒரு படை தாமதமாகக் கிளம்ப அதற்கும் பகடை உருட்டுங்கள்.

பிரெஞ்சுக்காரரையும் நிம்மதியாக விடாதீர்கள். தன் வலப்பக்கத்தை நெப்போலியன் மெலிதாக வைத்தது தன்னுடைய மார்ஷல் தாவு வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில். அவருடைய படையில் ஃப்ரியானின் டிவிஷன் வியன்னா பக்கமிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. தூரத்தை இரண்டே நாளில் நடந்து வந்தது. அது எந்தச் சுற்றில் வரும் என்பது பகடையின் கையில் இருந்தால், அந்தப் பக்கத்து டெல்னிட்ஸ் கிராமம் விழுந்து வைரோதர் மேதையாகிவிடும் ஞாயிற்றுக்கிழமையும் வரும். பிறகு எதற்கு ஆட்டம் என்று கேட்டீர்களே, நான் ஆடுவது அந்த வாய்ப்புக்காகத்தான்.

மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெர்மகோல் பலகையை அடுக்கிப் படிக்கட்டு மாதிரி செய்திருப்பார்கள். பிராட்சன் அப்படிப்பட்ட கோட்டை இல்லை, அகலமாக மெல்ல உயரும் நிலம். மேலே போக எவ்வளவு நேரமாகும் என்று நெப்போலியன் கேட்டதற்கு சூல்ட் சொன்ன பதில் 20 நிமிடம். உங்கள் விதியில் ஒரு சுற்று அரை மணி நேரம் என்றால் ஒரே சுற்றில் ஏறிவிட வேண்டும். அளவும் உதைக்கும். சுமார் 10 கி.மீ. களத்தை 6 அடி மேசையில் அடக்கினால், 150 மீட்டர் அகலத்துக்கு நிற்கும் பட்டாலியனுக்குக் கிடைப்பது ஓர் அங்குலம். பொம்மை ஒன்றுக்கு 50 ஆள் என்று வைத்தாலும், பிரெஞ்சுப் பக்கம் சுமார் 73,000 பேர், எதிர்ப்பக்கம் 85,000 பேர் என்றால் 3,000க்கு மேல் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். 28 மி.மீ. உயரப் பொம்மைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மேட்டை மட்டும் தனியாக ஆடுங்கள். முழுப் போர் வேண்டுமென்றால் 6 மி.மீ.க்கு இறங்கிவிடுங்கள்.

குளத்துக்கு வருவோம். 20,000 பேர் மூழ்கினார்கள் என்றது நெப்போலியனின் அறிக்கை. அவை ஆழமில்லாத மீன் குளங்கள். பின்னர் நீரை வடித்துப் பார்த்தபோது கிடைத்த மனித உடல்கள் மிகச் சில; குதிரைகளும் பீரங்கிகளும்தான் அதிகம். ஆகவே பனிக்கட்டிமேல் ஓடும் காலாட்படையைத் தப்பிக்க விடுங்கள், பீரங்கிகளை மட்டும் பறிமுதல் செய்துகொள்ளுங்கள்.