“எனக்கு ஆங்சைட்டிம்மா” என்கிறாள் மகள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். மூன்று மாதமாக எதற்கெடுத்தாலும் “ஆங்சைட்டிம்மா”, “டிப்ரஷன்மா” என்கிறாள். பேனாக்களை வரிசையாக அடுக்கிவிட்டு “எனக்கு ஓசிடி” என்கிறாள். எல்லாம் ரீல்ஸ் பார்த்துக் கற்றது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். “செல்லம் கொடுத்து வந்த கொழுப்பு” என்கிறார் கணவர். மாமியார் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்கிறார். நான் யாரை நம்புவது? போனைப் பிடுங்கிவிடலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரி, மகளை நம்புங்கள். அவள் வைக்கும் பெயர் தப்பாக இருக்கலாம், ஆனால் அவஸ்தை ஏதோ இருக்கிறது.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளை. மனசைப் பற்றிப் பேச நம் வீடுகளில் அவளுக்கு என்ன வார்த்தை கொடுத்தோம்? ஒன்று, “ஒண்ணுமில்ல, தூங்கி எழுந்தா சரியாயிடும்.” இல்லாவிட்டால் “பைத்தியம்”. நடுவில் எதுவும் கிடையாது. “இவனை நிமான்ஸ்லதான் சேர்க்கணும்” என்று இந்த ஊரில் நாமே எத்தனை முறை கேலி செய்திருப்போம்! இங்கே இருக்கும் அந்த மனநல மருத்துவமனைக்கு 1974-ல் அந்தப் பெயர் வந்தது. நாட்டிலேயே பெரிய மனநல நிறுவனங்களில் ஒன்று. நம் வாயில் அது இன்னும் வசவுதான். இதைக் கேட்டு வளர்ந்தவள், திரையில் எவளோ ஒருத்தி கூச்சமில்லாமல் “எனக்கு ஆங்சைட்டி” என்று சொல்வதைப் பார்த்தால் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டாளா?

அரை நிமிட வீடியோவில் நோய் முழுசாகத் தெரியாது என்பதும் உண்மை. ஓசிடி என்றால் வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் வந்து அரிக்கும். அதை அடக்கக் கையைக் கழுவுவது, தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்று நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடப் போய்விடும். செய்கிறவருக்கு அதில் நிம்மதி வந்தாலும் நிலைக்காது. பேனாவை அடுக்கிவிட்டு உங்கள் மகள் திருப்தியோடு எழுந்து போகிறாளா? அப்படியானால் ஓசிடி இல்லை, ஒழுங்கான பெண். (என் வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால் கும்பிடு போடுவேன்.)

டிப்ரஷனை அவ்வளவு லேசாகத் தள்ளமாட்டேன். ஒருநாள் அழுதால் அது டிப்ரஷன் ஆகிவிடாது. இரண்டு வாரமாவது, நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு கிடக்கும். பிடித்தது பிடிக்காமல் போகும், தூக்கமும் பசியும் மாறும். இந்த வயதில் அது சோகமாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். இந்த வரியைக் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நிமான்ஸ் 2015–16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர்.

அடுத்த முறை “ஆங்சைட்டி” என்றால், “அப்போ உனக்கு எப்படிடா இருக்கு?” என்று கேளுங்கள். வயிற்றைக் கலக்குதா, நெஞ்சு படபடக்குதா, எப்போ? எதிரே உட்காரவைத்துக் கேட்டால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள். “கணக்கு மிஸ் போர்டுக்குக் கூப்பிட்டா” என்று பதில் வந்தால் வழி வேறு. “காலையில எழுந்திருக்கவே பிடிக்கலம்மா” என்று வந்தால் வேறு. பாதி வாக்கியத்தில் “அந்தக் காலத்துல நாங்க...” என்று தொடங்கிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பதினான்கு நாள், தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், தோழிகளோடு பேசினாளா, பள்ளிக்குப் போக அழுதாளா. மாற்றம் நிலைத்து நின்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல ஆலோசனைச் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நேரில் டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள்கள் உதவும். வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம் வேண்டாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

“செத்துடலாம்போல இருக்கு” என்று அவள் சொன்னாலோ, கையைக் கீறிக்கொண்டதைப் பார்த்தாலோ, பதினான்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே டாக்டர், அதுவரை தனியாக விடாதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.

போனைப் பிடுங்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லார் போனும் ஹாலில் இருக்கட்டும். எல்லார் என்றால் அவள் அப்பாவுடையதும்தான்.

மாமியார் சுற்றிப் போடட்டும். பாட்டி தலையைத் தடவிக்கொடுக்கும் அந்த ஐந்து நிமிடம் பேத்திக்குப் பிடித்தாலும் பிடிக்கும். டாக்டரிடம் போக வேண்டிவந்தால் “அதான் திருஷ்டி கழிச்சாச்சே, எதுக்கு?” என்று மட்டும் தடுக்கக்கூடாது; அதை இப்போதே அவரிடம் பேசி வையுங்கள்.