வீட்டுச் சுவரில் ஓவியம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி (திருவான்மியூர்): கடற்கரைக்குப் பக்கத்து வீடு. நீர்வண்ண ஓவியம் ஒன்றைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டினோம். மூன்று வருடத்தில் பழுப்புப் புள்ளிகள். கண்ணாடி இருந்தும் ஏன் சார்?

பதில்: கண்ணாடி முன்பக்கத்தைத்தான் காக்கும். ஈரம் பின்னாலிருந்து, சுவர் வழியாக வருகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். கடலோரத்தில் மழைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை அந்தச் சுவரருகே ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். குளியலறையோடு ஒட்டிய சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலை, இந்த மூன்றிலும் காகித ஓவியம் மாட்டவே கூடாது.

அடுத்து பிரேமைப் பின்பக்கமாகப் பிரியுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியபடி, முதுகில் ஹார்ட்போர்டு, ஓரத்தில் பிரவுன் டேப் என்றுதான் அநேகமாக இருக்கும். மூன்றும் தப்பு. கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் அந்த ஈரம் நேரே காகிதத்தில் இறங்கும். ஹார்ட்போர்டின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். டேப்பின் பசை நாளடைவில் மஞ்சள் கறையாக ஊறும்.

சரியான முறை இது. அமிலம் இல்லாத மவுன்ட் போர்டு (படத்தைத் தாங்கும் கனத்த அட்டை), குறைந்தது 1.5 மி.மீ. கனம், முன்னால் ஜன்னல் வெட்டி ஒன்று, பின்னால் முழுசாக ஒன்று. படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானிய டிஷ்யூ காகிதத்தால் கோதுமை ஸ்டார்ச் பசை வைத்துத் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் காகிதம் ஈரத்தில் விரிய இடமில்லாமல் அலை அலையாக நெளியும். ஃபெவிகால் வேண்டாம், பிறகு பிரிக்க வராது. வீட்டு மைதாப் பசையும் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு விருந்து. மாட்டும்போது பிரேமின் கீழ் இரு மூலைகளிலும் 8 மி.மீ. தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

வந்துவிட்ட புள்ளிகளை பிளீச் வைத்து எடுக்க முயலாதீர்கள். பூஞ்சை பரவாமல் உலர்த்தி வைத்தாலே போதும். படம் விலை கூடியது என்றால் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): அப்படியானால் ஏசி அறையில் மாட்டிவிடலாமா?

பதில்: ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் ஓடும் ஏசி நல்லதல்ல. தினமும் ஈரம் இறங்கி ஏறினால் மரமும் கித்தானும் (கேன்வாஸ் துணி) சுருங்கி விரியும்; மேலே இருக்கும் வண்ணப்பூச்சு அதோடு சேர்ந்து நகராமல் வெடிக்கும். ஏசி இல்லாத, காற்றோட்டமுள்ள உள்சுவர் அதைவிட மேல்.

கேள்வி (மதுரை): புதிதாகத் தஞ்சாவூர் ஓவியம் வாங்கப் போகிறோம். அசல் தங்கமா என்று எப்படிப் பார்ப்பது? பூஜை அறையில் மாட்டலாமா?

பதில்: கண்ணால் மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது. பித்தளை வகை ரேக்கு (மெல்லிய தகடு) முதல் நாளில் தங்கத்தைவிடப் பளபளப்பாகக்கூட இருக்கும். சில வருடங்களில் கறுத்து, ஓரம் பச்சையாகும். அதனால் ‘22 காரட் தங்க ரேக்கு’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அதுவே பதில். விலை சந்தேகத்துக்கு இடமாகக் குறைவாக இருந்தாலும் அப்படியே.

வேலையையும் பாருங்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் குழைத்த மக்கால் மேடு கட்டி, கல் பதித்து, அதன்மேல் ரேக்கு ஒட்டுவதுதான் முறை. நகைகளின் மேடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்தால் கைவேலை இல்லை. முகத்தில் கண் எழுதிய கோட்டைப் பாருங்கள். கைதேர்ந்தவரின் வேலை அங்கே தெரியும்.

பூஜை அறையில் தாராளமாக மாட்டலாம். ஆனால் விளக்குக்கு நேர் மேலே வேண்டாம். எண்ணெய்ப் புகை கண்ணாடியில் படிந்து, இடுக்கு வழியே உள்ளேயும் போகும். கல்லும் மேடும் கண்ணாடியைத் தொடாத அளவுக்கு ஆழமான பெட்டி பிரேம் வேண்டும். சந்தனம் குங்குமம் வைப்பதானால் கண்ணாடிமேல், கெட்டியாக. நீர்த்த சந்தனம் வழிந்து பிரேமுக்குள் இறங்கினால் மக்கு ஊறி மேடு கழன்றுவிடும். ஈரத்துணியும் அதனால்தான் ஓவியத்தின் அருகே வரக்கூடாது. கண்ணாடியைத் துடைக்கும்போதுகூடத் தெளிப்பானைத் துணியில் அடித்துத் துடையுங்கள்.

கேள்வி (காரைக்குடி): பாட்டி வீட்டுப் பரணில் ரவி வர்மா லட்சுமி படம் கிடைத்தது, ஜரிகை தைத்தது. அசலா? ஜரிகையைப் பிரித்துவிடலாமா?

பதில்: ஜரிகையைத் தொடாதீர்கள். இந்த அச்சுப் படங்களுக்குச் சேலை கட்டி அலங்கரிப்பது அந்தக் காலத்து வழக்கம். மதிப்பே அதில்தான் கூடுகிறது. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பின்னர் அது ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. அதன் பிறகும் அச்சடித்தார்கள், மற்ற அச்சகங்களும் நகலெடுத்தன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பழைய கல்லச்சில் (கல்லில் வரைந்து எடுத்த அச்சில்) புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பல வண்ணங்களில் சிதறியிருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல ஒரே வரிசையில் இருந்தால் பிற்கால ஆஃப்செட் அச்சு. கீழ் ஓரத்தில் அச்சகப் பெயர் இருந்தால் அந்த ஓரத்தை பிரேமுக்காக வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): தெரிந்தவர் ஒருவர் பழைய ஐம்பொன் சிலை தருவதாகச் சொல்கிறார். பில் கிடையாதாம்.

பதில்: வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலை தொல்பொருள். தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும், வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கோயிலில் திருடியதாக இருந்தால் பணமும் போகும், சிலையும் போகும், வழக்கும் வரும். சிலைதான் வேண்டுமென்றால் சுவாமிமலையில் புதிதாக வார்த்து, பில்லோடு வாங்குங்கள். புளி போட்டு அடிக்கடி தேய்க்காதீர்கள். முக நுணுக்கம் தேயும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது உப்பினால் வரும் அரிப்பு. உடனே உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்த ஆளைப் பாருங்கள்.

கேள்வி (கோவை): ‘14/50’, அதாவது ஐம்பது பிரதிகளில் பதினாலாவது, என்று எண் போட்ட கித்தான் பிரின்ட். முதலீடாக வாங்கலாமா?

பதில்: ஓவியர் தானே தகட்டைச் செதுக்கியோ கல்லில் வரைந்தோ அச்செடுத்து, பென்சிலால் கையெழுத்தும் எண்ணும் போட்டிருந்தால் அது மூலப் படைப்பு. எட்சிங் (அமிலத்தால் தகட்டை அரித்து எடுக்கும் அச்சு) என்றால் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகத் தெரியும். வரைந்த ஓவியத்தைப் புகைப்படம் எடுத்துக் கணினிப் பிரின்டரில் கித்தானில் அடித்தது, எண் போட்டாலும் நகல்தான். அழகுக்காக வாங்கலாம், நகலின் விலைக்கு.

கேள்வி (திருச்சி): எந்த உயரத்தில் மாட்டுவது? ஆணி போதுமா?

பதில்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உட்கார்ந்து பார்க்கும் கூடமானால் 10, 15 செ.மீ. இறக்குங்கள். நம் வீடுகளில் வழக்கமாக லிண்டல் உயரத்தில் மாட்டி அண்ணாந்து பார்க்கிறோம்! செங்கல் சுவரில் 6 மி.மீ. துளை போட்டு, பிளக் வைத்து, 50 மி.மீ. திருகு. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சிலேயே நின்றால் ஒரு நாள் படத்தோடு விழும். ஒரு திருகுக்குப் பதில் இரண்டு போட்டால் படம் சாயாது. நைலான் கயிறு நாளடைவில் தளரும்; இரும்புக் கம்பி போடுங்கள். மேற்கு ஜன்னல் வெயில் விழும் சுவருக்கு எண்ணெய் ஓவியமும் வேண்டாம். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம் போதும், வெளுத்த நிறம் திரும்பாது.

கேள்வி (சேலம்): கையில் 25,000 ரூபாய். முதல் ஓவியம் எங்கே வாங்கலாம்?

பதில்: சென்னையில் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சிகள், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். வாங்கும் முன் நாலைந்து முறை சும்மா போய்ப் பாருங்கள். பில்லில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு எல்லாம் வேண்டும். பணத்தில் 4,000 ரூபாயை பிரேமுக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று: ஓவியத்தை வாங்கியதால் அதைக் காலண்டரில் அச்சிடும் உரிமை வராது; காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், எழுத்தில் தந்தால் ஒழிய.

கேள்வி (சேலம், அதே நபர்): அக்ரிலிக் ஓவியமானால் பஸ்ஸில் கொண்டுவரலாமா?

பதில்: குமிழ் உறையை நேராக வண்ணத்தின்மேல் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வெயிலில் இளகும்; குமிழ்களின் தடம் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் சிலிக்கோன் பூசிய பேக்கிங் காகிதம் (கேக் சுடும் தட்டில் விரிப்பது), அதன்மேல் அட்டை, அதற்கும் மேல்தான் குமிழ் உறை. சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, 15 செ.மீ. விட்டமாவது உள்ள குழாயில் சுருட்டி, வீடு வந்த அன்றே பிரித்துப் படுக்கையாகப் பரப்பிவிடுங்கள்.