வேலூர்ப் பக்கம் கடலே இல்லை. இங்கே விலங்கியல் படித்துவிட்டுக் கடல் விஞ்ஞானியாகப் பெயர் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். அதற்குச் சாட்சி மேல்விஷாரத்திலேயே இருக்கிறது. சி.அப்துல் ஹக்கீம் கல்லூரி விலங்கியல் துறையில் ஏ.எஸ்.சாகுல் ஹமீது குழுவினர் கொடுவா மீனின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த 'சிஸ்க்' என்ற செல் வரிசை (லேபில் தொடர்ந்து பெருகும் ஒரே வகைச் செல்கள்), இந்தியாவின் முதல் கடல்மீன் செல் வரிசையாக 2006இல் ஆய்விதழில் வெளியானது. நன்னீர் இறால் குஞ்சுகளைக் கூண்டோடு அழிக்கும் வெண்வால் நோய்க்கு, உலக விலங்கு சுகாதார அமைப்பின் ரெஃபரன்ஸ் லேபாகவும் (நோயை உறுதிசெய்ய மற்றவர்கள் நாடும் லேப்) அதே துறை அங்கீகாரம் பெற்றது.

இந்தத் துறையில் விருதெல்லாம் பிறகுதான். நீங்கள் உருவாக்கிய செல்லையோ சோதனை முறையையோ வேறொரு லேப் வாங்கிப் பயன்படுத்தினால், அப்போதே பெயர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

செல் வளர்ப்பு கேட்பதற்குச் சுலபம். கெடுவது பெரும்பாலும் கிருமியால். செவுளும் குடலும் பாக்டீரியா நிறைந்தவை. சிறுநீரகம், மண்ணீரல் ஓரளவு சுத்தமானவை. மீனை ஒரு நாள் பட்டினி போட்டு, உடம்பை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் அறுக்க வேண்டும். திசுவைச் சுமார் 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, ஆன்டிபயாடிக் கரைசலில் கழுவி, ஃபிளாஸ்க்கில் பரப்ப வேண்டும். எடுத்தவுடனே ஊடகத்தை (செல் வளரத் தேவையான சத்துக் கரைசலை) நிறைய ஊற்றினால் துண்டுகள் மிதந்துவிடும், ஒட்டாது. அடி நனையும் அளவு போதும். எல்-15 ஊடகம், 20 சதவீதம் வரை கன்றுக்கரு சீரம், 28 டிகிரி வெப்பம். எல்-15க்குக் கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை. சாதாரணக் கல்லூரி லேபுக்கு அது பெரிய வரம். சீரம் விலைதான் கையைக் கடிக்கும்.

செல் வளர்ந்துவிட்டால் மட்டும் போதாது. அது கொடுவாதான், லேபிலிருந்த வேறு செல் கலந்துவிடவில்லை என்பதை மைட்டோகாண்ட்ரியா மரபணு வரிசை பார்த்து நிரூபிக்க வேண்டும். செல்லில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி இல்லை என்று காட்டும் சோதனையும் வேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்து எடுத்தாலும் பிழைத்து வளர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நல்ல ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.

படிப்பு விஷயம்: இளங்கலை இங்கேயே முடிக்கலாம். முதுகலைக் கடல் உயிரியலுக்கு வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டை, அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம். அடுத்து சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, உயிர் அறிவியல் தாள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 (2023இல் உயர்த்திய தொகை). கொச்சி சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்), கோவா என்ஐஓ (தேசியக் கடலியல் நிறுவனம்) இரண்டும் பெரிய இடங்கள். நீரோட்டம், அலை என்று போக நினைத்தால் விலங்கியல் உதவாது. இயற்பியலும் கணக்கும் வேண்டும். கடல் உயிரினங்கள் பக்கம் என்றால் விலங்கியலே கைகொடுக்கும். 1981இல் இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கிய எஸ்.இசட்.காசிம்கூட அலகாபாத்தில் பிறந்து அலிகாரில் விலங்கியல் படித்தவர்தான்.

வேலூருக்குப் பக்கம் என்று பார்த்தால் சென்னையில் சிபா, அதாவது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். முதுகலை புராஜெக்ட்டுக்கு அங்கே எழுதும்போது "ஏதாவது வாய்ப்பு தாருங்கள்" என்று எழுதாதீர்கள். யாருடைய எந்த வேலையில் சேர விருப்பம், பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) கையால் செய்த பழக்கம் உண்டா, எத்தனை மாதம் தங்க முடியும் என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.